ஸ்காட்லாந்து நதிகளில் சால்மன், சீ ட்ரௌட்: ஃபிளை தூண்டில் கேள்வி பதில்

கேள்வி (அபர்டீன்): அண்ணா, மே மாதக் கடைசியில் டீ நதியில் இரண்டு நாள் கிடைத்திருக்கிறது. சால்மனுக்கு எந்த ஃபிளை (இறகும் மயிரும் கட்டிய செயற்கை இரை) நல்லது? ஒரு பெட்டி நிறைய வாங்கிவிடலாமா?

பதில்: பெட்டி வாங்குவதற்கு முன்னால் ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள் தம்பி. நதிக்குள் ஏறிய சால்மன் இரை தின்பதில்லை. கடலில் சேர்த்த கொழுப்பை வைத்துக்கொண்டே மாதக்கணக்கில் காத்திருந்து முட்டையிடும். பசியில்லாத மீன் ஃபிளையை ஏன் கவ்வுகிறது என்பதற்கு எரிச்சல், பழைய வேட்டைப் பழக்கம், ஆர்வம் என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். எது சரியானாலும் நாம் செய்ய வேண்டியது மாறாது. ஃபிளையின் அளவு, ஆழம், வேகம் இந்த மூன்றையும் சரிசெய்யுங்கள். நிறமும் பெயரும் அதற்குப் பிறகுதான்.

நீர் 7, 8 டிகிரிக்குக் கீழே இருந்தால் மீன் மந்தமாகத் தரையோடு கிடக்கும். அமிழும் லைன், ஒன்று முதல் இரண்டு அங்குல ட்யூப் ஃபிளை (சின்னக் குழாயில் கட்டியது), நாலைந்து அடி லீடர் (லைன் நுனியில் கட்டும் மெல்லிய நைலான்) போடுங்கள். ஃபிளை மெதுவாக, மீனின் முகத்துக்கு நேரே போக வேண்டும். 10 டிகிரியைத் தாண்டிவிட்டால் மீன் மேலே எழுந்து வரும். அப்போது மிதக்கும் லைன், 11 முதல் 13 அடி லீடர், 10 அல்லது 12 பவுண்டு பாரம் தாங்கும் நைலான், 8 முதல் 12 எண் வரை இரட்டை முள் ஃபிளை. எண் கூடக் கூட ஃபிளை சின்னது. கோடையில் நீர் வற்றினால் 14 வரை போகலாம்.

மே கடைசியில் உங்களுக்கு அநேகமாக மிதக்கும் லைன்தான். சின்ன ஃபிளையை மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே நீந்தவிடும் முறையை ஏ.எச்.இ. உட் என்பவர் இதே டீ நதியில், கேர்ன்டன் பகுதியில்தான் செம்மைப்படுத்தினார். கீழ்நோக்கி 45 டிகிரி சாய்வில் வீசுங்கள். நடு ஓட்டம் லைனை வில்லாக வளைத்து இழுத்தால் ஃபிளை சாட்டை நுனி மாதிரி பறக்கும். லைன் விழுந்தவுடனே ராடை (தூண்டில் கம்பை) தூக்கி, வளைவை நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கமாகப் புரட்டிப் போடுங்கள். இதுதான் மெண்ட். ஃபிளை கரையோரம் வந்து நின்றதும் இரண்டு எட்டு கீழே நடந்து அடுத்த வீச்சு.

பெயர்தான் வேண்டுமென்றால் ஸ்டோட்ஸ் டெயில், காஸ்கேட், அலிஸ் ஷ்ரிம்ப், வில்லி கன். ஒவ்வொன்றிலும் மூன்று அளவு போதும். மழைக்குப் பிறகு நீர் தேநீர் நிறமாக ஓடினால் ஆரஞ்சும் மஞ்சளும், தெளிந்து வற்றினால் கறுப்பும் வெள்ளியும்.

கேள்வி (லண்டன்): சார், இங்கிலாந்து ராட் லைசன்ஸ் ஸ்காட்லாந்தில் செல்லுமா?

பதில்: ஸ்காட்லாந்தில் ராட் லைசன்ஸ் என்பதே கிடையாது. எல்லைப் பகுதியில் ஓடும் பார்டர் எஸ்க் மட்டும் விலக்கு, அதற்கு இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை லைசன்ஸ் வேண்டும். ஆனால் சால்மன், சீ ட்ரௌட் (கடலுக்குப் போய்த் திரும்பும் ட்ரௌட்) பிடிக்கும் உரிமை தனியார் சொத்து. உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் தூண்டில் போட்டால் அது கிரிமினல் குற்றம். ஊர்ச் சங்கங்களின் நீர்ப்பகுதியில் சில பத்துப் பவுண்டுகளுக்கு ஒரு நாள் பெர்மிட் கிடைக்கும். ட்வீட் நதியின் நல்ல இலையுதிர்கால பீட்டுகளுக்கு (வாடகைக்கு விடும் நதிப்பகுதிகளுக்கு) நாளொன்றுக்குப் பல நூறு ஆகும். ஞாயிற்றுக்கிழமை சால்மனுக்கும் சீ ட்ரௌட்டுக்கும் தூண்டில் போடச் சட்டமே தடை. சனி, ஞாயிறு என்று பயணம் போட்டுவிடாதீர்கள்.

சீசனும் நதிக்கு நதி மாறும். டே ஜனவரி 15 முதல் அக்டோபர் 15, ஸ்பே பிப்ரவரி 11 முதல் செப்டம்பர் 30, ட்வீட் பிப்ரவரி 1 முதல் நவம்பர் 30.

கேள்வி (கிளாஸ்கோ): செப்டம்பரில் டே நதிக்கு எந்த ஃபிளை, அண்ணா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். தெர்மாமீட்டர் சொல்வதுதான். டே பெரிய நதி என்பதால் 15 அடி ராட் வைத்திருங்கள்.

கேள்வி (பெர்த்): டபுள் ஸ்பே என்ற இரட்டைக் கை வீச்சை வீசும்போது லைன் குறுக்கே விழுந்து சிக்குகிறது. ஒருமுறை ஃபிளை காதோரம் போனது. எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: அனேகமாக முதல் அசைவில். ஆறு உங்களுக்கு இடமிருந்து வலமாக ஓடுகிறது, வலது கை மேலே என்று வைத்துக்கொள்வோம். லைன் வலப்பக்கம் கீழே நீண்டு கிடக்கும். ராடைத் தோள் உயரம் வரை மெல்லத் தூக்கி, தாழ்வாக இடப்பக்கம் கொண்டுபோய் நிறுத்துங்கள். லைன் உங்களுக்கு முன்னால் குறுக்கே படுக்க வேண்டும், ஃபிளை மட்டும் உங்களுக்குக் கீழே ஒரு ராட் நீளத்தில் நிற்க வேண்டும். பலர் இங்கேதான் வேகமாகவும் உயரமாகவும் இழுக்கிறார்கள். ஃபிளை உங்களைத் தாண்டி மேலே போய்விட்டால் அடுத்த அசைவில் லைன் தன்மேலேயே குறுக்கே ஏறும், ஃபிளை உங்கள்மேல் வரும்.

இப்போது ராடை வலப்பக்கம் தட்டையாக வீசிக் கொண்டுபோங்கள். லைன் நீரைக் கிழித்து ஒரு வெள்ளைக் கோடு போடும், அந்தச் சத்தமே சரியாகச் செய்கிறீர்கள் என்பதற்கு அடையாளம். அதே ஓட்டத்தில் ராட் வலது தோளுக்குப் பின்னால் ஏற, பின்னால் ஆங்கில D வடிவ வளையம் பிறக்கும். லைனின் நுனியும் லீடரும் மட்டும் நீரைத் தொட்டிருக்க, முன்னால் அடித்து உயரத்தில் நிறுத்துங்கள். வளையம் போட்டபின் தயங்கினால் லைன் நீருக்குள் ஒட்டிக்கொள்ளும், எவ்வளவு பலம் கொடுத்தாலும் வராது. அமிழும் லைனாக இருந்தால் முதலில் ஒரு ரோல் காஸ்ட் (லைனை முன்னால் உருட்டிப் போடும் வீச்சு) போட்டு அதை மேலே கொண்டுவாருங்கள்.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்காமல் ராடைத் தூக்காதீர்கள். டபுள் ஸ்பேயில் வளையம் உங்களுக்குக் கீழ்ப்பக்கம் உருவாகும், அதனால் அது கீழ்நோக்கி அடிக்கும் காற்றுக்கு உரியது. காற்று நீரோட்டத்துக்கு எதிராக அடித்தால் வளையத்தை உங்கள் முகத்தில் கொண்டுவந்து போடும். அப்போது சிங்கிள் ஸ்பே அல்லது ஸ்னாப் T வீச்சு. கண்ணாடி இல்லாமல் யாரும் நீரில் இறங்க வேண்டாம்.

கேள்வி (எடின்பரோ): இழுப்பது கையில் தெரிகிறது, உடனே ராடைத் தூக்கினால் ஒன்றும் இல்லை. ஏன்?

பதில்: உடனே தூக்குவதால்தான். ட்ரௌட் பழக்கம் அது. சால்மன் ஃபிளையைக் கவ்வியபின் திரும்பித் தன் இடத்துக்குப் போகும். அது திரும்பும்போதுதான் முள் வாயின் ஓரத்தில், கீல் மாதிரி இருக்கும் இடத்தில் பதியும். அதற்கு முன் தூக்கினால் வாயிலிருந்து நேராக உருவிக்கொண்டு வரும். ரீலின் பிடியைத் தளர்வாக வைத்து, மீன் லைனை இழுத்துக்கொண்டு போகட்டும். ரீல் ஓட ஓட, பாரம் நன்றாகத் தெரிந்தபின் ராடை நிதானமாக உயர்த்துங்கள்.

கேள்வி (டண்டீ): ஒரு சந்தேகம் ஐயா. எல்லா மீனையும் திரும்ப விடச் சொல்கிறார்கள். விடுவதற்கு எதற்குப் பிடிக்க வேண்டும்? கொடுமை இல்லையா?

பதில்: நியாயமான கேள்வி. முதலில் சட்டம்: ஏப்ரலுக்கு முன் பிடிபடும் சால்மன் எந்த நதியானாலும் திரும்பப் போக வேண்டும். 2016 முதல் நதிகளைத் தரம் பிரித்திருக்கிறார்கள், மூன்றாம் தர நதிகளில் ஆண்டு முழுக்க ஒரு சால்மனைக்கூட எடுக்கக் கூடாது. தூண்டிலில் பிடித்ததை விற்பது எங்குமே குற்றம். 2023 டிசம்பரில் பிரிட்டனின் அட்லாண்டிக் சால்மனை ஐ.யு.சி.என். என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பட்டியலிட்டது. ஒரு பெண் மீன் தன் எடையில் கிலோவுக்கு ஆயிரத்துக்கு மேல் முட்டையிடும். நாலு கிலோ மீனை அடித்தால் என்ன போகிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கொடுமையா என்பது எப்படி விடுகிறோம் என்பதைப் பொறுத்தது. குளிர்ந்த நீரில், சீக்கிரம் கரைசேர்த்து, நீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றினால் பெரும்பாலான மீன்கள் பிழைத்து முட்டையிடுகின்றன.

கேள்வி (பெர்த்): டண்டீ நண்பருக்குச் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. பொரிப்பகத்தில் குஞ்சு வளர்த்து விட்டால் ஆளுக்கொரு மீன் எடுத்துக்கொள்ளலாமே?

பதில்: நதியில் ஏற்கெனவே போதிய குஞ்சு இருந்தால், நீங்கள் விடும் குஞ்சு அதே கல்லுக்கும் அதே இரைக்கும் போட்டியிடும். பொரிப்பகக் குஞ்சுகள் காட்டுக் குஞ்சுகளைவிடக் குறைவாகவே பிழைக்கின்றன. பெரிய இழப்பு கடலில் நடக்கிறது, போகிற ஸ்மோல்ட்டுகளில் (கடலுக்கு இறங்கும் இளம் சால்மன்களில்) மிகச் சிலவே திரும்புகின்றன. அதை எந்தத் தொட்டியும் ஈடுகட்டாது. ஓடைக்கரையில் மரம் வளர்த்து நீரைக் குளிர்விப்பது பலன் தரும். டீயின் மேல் கிளைகளில் அதைத்தான் செய்கிறார்கள்.

கேள்வி (டண்டீ, மறுபடியும்): நீரின் சூட்டையே பேசுகிறீர்கள். ஒரு வாரத்துக்குப் பணம் கட்டிவிட்டு, 20 டிகிரி என்றால் சும்மா உட்காரவா?

பதில்: ஆமாம், உட்காருங்கள். சூடான நீரில் உயிர்வாயு குறைவு. போராடிக் களைத்த மீன் மூச்சு மீளாமல், நீந்திப் போனது போலத் தெரிந்து, பிறகு மடுவின் அடியில் சாகும். நீங்கள் அதைப் பார்க்கவே மாட்டீர்கள். 18 டிகிரியில் குறைத்துக்கொள்ளுங்கள், 20-ல் நிறுத்துங்கள். விடியற்காலையில் நீர் குளிர்ந்திருக்கும், அந்த இரண்டு மணி நேரம் போட்டுவிட்டுக் கரையேறுங்கள்.

விடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முடிச்சில்லாத வலை, எதிர்முள் நசுக்கிய தூண்டில்முள். கையை நனைத்துக்கொள்ளுங்கள், உலர்ந்த கை மீனின் வழவழப்பைத் துடைத்துவிடும். மீனை நீருக்கு மேலே தூக்காதீர்கள், வாலைப் பிடித்துத் தொங்கவிடவே கூடாது. தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்துத் தாங்கி நில்லுங்கள். செவுள் சீராகத் திறந்து மூடும், பிறகு வால் உதறும். அது தானாகக் கையைவிட்டுப் போகும்வரை விடாதீர்கள்.

கேள்வி (இன்வர்னஸ்): சீ ட்ரௌட்டை இரவில்தான் பிடிக்க வேண்டுமா? எப்போது தொடங்குவது?

பதில்: நீர் தெளிந்து வற்றியிருக்கும் கோடையில், ஆமாம். பகலில் நிழல் அசைந்தாலே ஓடிவிடும். பலர் அவசரப்பட்டு மடுவைக் கெடுக்கிறார்கள். எதிர்க்கரைப் புல்லின் பச்சை கறுத்துப்போகும் வரை காத்திருங்கள், ஜூனில் அதற்கு இரவு 11 மணியைத் தாண்டும். பகலிலேயே வந்து எங்கே கல், எங்கே பள்ளம் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். விளக்கை நீர்மேல் அடிக்காதீர்கள்.

10 அடி ஒற்றைக் கை ராட், 7 எண் லைன், 8 முதல் 10 பவுண்டு லீடர். முதலில் மிதக்கும் லைனில் 8 அல்லது 10 எண் டீல் ப்ளூ அண்ட் சில்வர். நள்ளிரவுக்குப் பிறகு மீன் அடங்கினால் மெல்ல அமிழும் லைனும் பெரிய ஃபிளையும். மேகமூட்டமான, வெதுவெதுப்பான இரவு நல்லது. வாய் மென்மையானது, ராடை வெடுக்கென்று இழுத்தால் கிழியும்.

கேள்வி (ஃபோர்ட் வில்லியம்): பிடிபட்டது சால்மனா சீ ட்ரௌட்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: வாலின் அடியைப் பாருங்கள். சால்மனுக்கு ஒடுங்கி மணிக்கட்டு மாதிரி இருக்கும், வால் நுனி உட்குழிந்திருக்கும். சீ ட்ரௌட்டுக்கு அடி பருத்து, வால் நேராக வெட்டியது போல இருக்கும். மேல்தாடை எலும்பு கண்ணின் பின்விளிம்போடு நின்றால் சால்மன், அதைத் தாண்டினால் சீ ட்ரௌட். பக்கக்கோட்டுக்குக் கீழேயும் நிறையக் கரும்புள்ளிகள் இருந்தால் சீ ட்ரௌட். வசந்தத்தில் வெள்ளியாக மின்னினாலும் மெலிந்து, துடுப்பு கிழிந்து, செவுளில் வெள்ளைப் புழு மாதிரி ஒட்டுண்ணி இருந்தால் அது முட்டையிட்டு முடித்த கெல்ட். கட்டாயம் விட வேண்டும்.

கேள்வி (கிளாஸ்கோ): ஸ்பே நதிக்கு எந்த ஃபிளை?

பதில்: மூன்றாவது முறை. மேலே இருக்கிறது.

கேள்வி (ஸ்டர்லிங்): ஏரியில் பைக் மீன் பிடிக்க ராட் சொல்லுங்கள்.

பதில்: என் துறை இல்லை. உள்ளூர்த் தூண்டில் கடையில் கேளுங்கள்.

கேள்வி (அபர்டீன்): அண்ணா, தெர்மாமீட்டர் வாங்கிவிட்டேன். எங்கே வைத்து அளப்பது?

பதில்: நல்லது தம்பி. கரையோரம் தேங்கி நிற்கும் நீரில் வைக்காதீர்கள், வெயிலில் அது இரண்டு மூன்று டிகிரி கூடக் காட்டும். முழங்கால் ஆழத்தில், நீர் ஓடுகிற இடத்தில், நிழலில் நூல் கட்டி விடுங்கள். இரண்டு நிமிடம் பொறுத்து, குமிழ் நீருக்குள் இருக்கும்போதே படியுங்கள், வெளியே எடுத்தால் காற்று மாற்றிவிடும். காலையில் ஒருமுறை, மாலை 4 மணிக்கு ஒருமுறை.