கேள்வி பதில்: பாரிஸில் வெயில் வந்துவிட்டது, ஸ்வெட்டரைக் கட்டி வைக்கலாமா?

(17 வருடம் பாரிஸில் ஓட்டல் சமையற்கட்டில் நின்றுவிட்டு புதுச்சேரி லாஸ்பேட்டைக்குத் திரும்பியவன் நான். பிள்ளைகளை அங்கே அனுப்பிவிட்டு இங்கே கவலைப்படுகிறவர்களின் கடிதங்கள்தான் இந்த மாதம் அதிகம்.)

போன செப்டம்பரில் என் மகன் பாரிஸுக்குப் படிக்கப் போனான். ஏப்ரல் பிறந்துவிட்டது, வீடியோவில் நல்ல வெயில் தெரிகிறது. கோட்டு, ஸ்வெட்டரையெல்லாம் கட்டி வைக்கச் சொல்லலாமா?
– ஒரு தாய், மஞ்சக்குப்பம்

சொல்லாதீர்கள் அம்மா. வீடியோவில் நீங்கள் பார்ப்பது சன்னல் வெயில். கண்ணாடிக்கு உள்பக்கம் இதமாக இருக்கும், தெருவில் இறங்கினால் காது மடல் சில்லிடும். முதல் ஏப்ரலில் நானும் இப்படித்தான் ஏமாந்தேன். வெறும் சட்டையோடு பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். பத்தே நிமிடத்தில் வானம் கறுத்து, ஜவ்வரிசி ஜவ்வரிசியாக ஆலங்கட்டி கொட்டியது. பஸ் வருவதற்குள் மறுபடி வெயில்! இந்தத் திடீர் மழைக்கு அங்கே ‘ஜிபூலே’ என்று தனிப் பேரே உண்டு. ‘ஏப்ரலில் ஒரு நூலைக்கூடக் கழற்றாதே’ என்று பழமொழியும் வைத்திருக்கிறார்கள். நாலு நாள் காய்ச்சலில் கிடந்த பிறகுதான் எனக்கு அந்தப் பழமொழியையே யாரோ சொன்னார்கள்.

இன்னொன்று, இட்லி மாவு. பழைய அடுக்குமாடிகள் பலவற்றில் கட்டடம் முழுவதற்கும் ஒரே ஹீட்டர் ஏற்பாடு. பெரும்பாலும் ஏப்ரல் நடுவில் அதை அணைத்துவிடுவார்கள், அன்று வெளியே எவ்வளவு குளிர் இருந்தாலும் சரி. பனிக்காலம் முழுக்க ஹீட்டர் பக்கத்தில் பாத்திரத்தை வைத்து மாவைப் பொங்க வைத்தவன் அன்றிலிருந்து திண்டாடுவான். இரண்டு நாளானாலும் மாவு அசையாது. ஓவனுக்குள் பாத்திரத்தை வைத்து, சூட்டைப் போடாமல் உள்விளக்கை மட்டும் எரிய விடச் சொல்லுங்கள். காலையில் பொங்கியிருக்கும். ஸ்வெட்டர் பேச்சை மகன் கேட்கிறானோ இல்லையோ, இதைக் கேட்பான்.

பாரிஸில் வேலை பார்க்கும் மகள் ஞாயிறுதோறும் 12.30க்குப் பேசுவாள். மார்ச் கடைசியிலிருந்து 11.30க்கே கூப்பிடுகிறாள். நான் அடுப்படியில் இருக்கிற நேரம். கேட்டால், “எனக்கு அதே எட்டு மணிதாம்மா” என்கிறாள்.
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

இரண்டு பேர் சொல்வதும் சரி. மார்ச் கடைசி ஞாயிறு விடியற்காலை 2 மணிக்கு அங்கே கடிகார முள்ளை 3க்குத் தள்ளிவிடுவார்கள். நமக்கும் அவர்களுக்கும் இருந்த நாலரை மணி வித்தியாசம் மூன்றரையாகிவிடும். அக்டோபர் கடைசி ஞாயிறு வந்தால் பழையபடி ஆகும். அதுவரை அவள் கடிகாரத்தில் ஒன்பதுக்குப் பேசச் சொல்லுங்கள். பாவம், ஞாயிற்றுக்கிழமையாவது ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கட்டும்.

மே மாதம் அங்கே இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். என் அம்மா போனில் தவறாமல், “விளக்கேத்திட்டியாடா?” என்பார். வெயில் சுள்ளென்று முகத்தில் அடிக்கும்போது எந்த விளக்கை ஏற்றுவது?

சித்திரை வருஷப் பிறப்புக்கு அங்கே வேப்பம்பூ கிடைக்குமா?
– முத்தியால்பேட்டை

மாங்காய் கிடைக்கும். கார் து நோர் ரயில் நிலையத்தை ஒட்டி லா ஷப்பல் பக்கம் போனால் ஈழத் தமிழர் கடைகள்தான். முருங்கைக்காய், கறிவேப்பிலை எதற்கும் குறையில்லை. கும்பிட மாணிக்க விநாயகர் கோயிலும் அந்தப் பக்கமே இருக்கிறது. வேப்பம்பூ மட்டும் அம்மா காயவைத்துக் கொடுத்த பொட்டலம். ஏப்ரல் 14க்கு அங்கே லீவு ஏது? ராத்திரி வேலை முடிந்து வந்து, பன்னிரண்டு மணிக்குப் பச்சடி கிண்டியிருக்கிறேன்.

பனிக்காலத்தைத் தாண்டிவிட்டால் வெளிநாட்டு வாழ்க்கை சுகம்தான் என்கிறார்களே, உண்மையா? செப்டம்பரில் பாரிஸ் போகிறேன்.
– ஓர் இளைஞர், நெல்லித்தோப்பு

எனக்குத் தலைகீழ், தம்பி. பனியில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும். நானும் கிடப்பேன், வித்தியாசம் தெரியாது. வசந்தம் வந்ததும் எல்லோரும் குடும்பம் குடும்பமாக வெளியே வந்துவிடுவார்கள். அப்போதுதான் நம்மோடு யாரும் இல்லை என்பது உறைக்கும். ஏப்ரல் நடுவில் ஒரு ஞாயிறு, எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு பி லைன் ரயிலில் சோ பூங்காவுக்குப் போனேன். செர்ரி மரங்கள் அடர்ந்த ரோஜா நிறத்தில் பூத்துக் கிடந்தன. கீழே ஜப்பான்காரர்கள் விரிப்பு போட்டுக் கூடிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் வண்டிகளை நிறுத்தியபின் நம் கடற்கரைச் சாலையில் தோளோடு தோள் இடிக்குமே, அந்தக் கூட்டம் ஞாபகம் வந்தது. டப்பாவைத் திறக்காமலே திரும்பிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து மே 1. அன்று அங்கே ‘முகே’ என்று மணி மணியான வெள்ளைப் பூங்கொத்தை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள். அனுமதியில்லாமல் யார் வேண்டுமானாலும் தெருவில் விற்கிற நாள் அது. மூன்று வருடமாக ‘போன்ழூர்’ தவிர வேறு வார்த்தை பேசாத கீழ்வீட்டுப் பாட்டி, என் கையில் ஒரு கொத்தைத் திணித்தார். நம் மல்லிகைக்குப் பக்கத்தில் நிற்காத வாசனை, ஆனாலும் வாடும்வரை சன்னலோரம் வைத்திருந்தேன். (அந்தப் பூ விஷம், வைத்த தண்ணீரும் ஆகாது. குழந்தை இருக்கும் வீட்டில் ஜாக்கிரதை.)

அடுத்த ஞாயிறு மெதுவடை சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நடுவில் ஓட்டை எதற்கு என்று கேட்டார். உள்ளே வேகத்தான் என்று சொல்ல அன்று என் பிரெஞ்சு போதவில்லை. விரலை விட்டுக் காட்டினேன்.