ரிப்போர்ட் இன்றைக்கே எழுதுங்க, தம்பி

மதுரையில் விமானம் இறங்கும்போது 500 அடி உயரத்திலும் வேகம் கூடுதலாக இருந்தது, துணை விமானியான நான் கோ-அரௌண்ட் (இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலே ஏறுவது) சொல்லத் தயங்கினேன், நல்லபடியாக இறங்கியதால் கேப்டனும் ஒன்றும் கேட்கவில்லை, ரிப்போர்ட் எழுதணுமா என்று கேட்டிருக்கீங்க. எழுதுங்க தம்பி. வேகம் எவ்வளவு என்பதை விமானத்தின் பதிவே காட்டிவிடும். ஏன் வாய் திறக்கவில்லை என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்: கேப்டன் மேல் பயமா, அசதியா, வேலை நெருக்கடியா? அதைத்தான் விரிவாக எழுதணும். 2010-ல் மங்களூரில் துணை விமானி கோ-அரௌண்ட் என்று சொல்லியும் கேப்டன் தொடர்ந்து இறக்கினார். அந்த விபத்தில் 158 பேர் இறந்துபோனார்கள். ஆகவே கேப்டனிடமும் மனம்விட்டுப் பேசுங்க. அடுத்த சிமுலேட்டர் பயிற்சியில் இதே நிலைமையைக் கேட்டு வாங்கிச் செய்து பாருங்க. இதை நினைத்துத் தூக்கம் கெட்டிருந்தால், தயவுசெய்து நாளைக்குப் பறக்காதீங்க. பணி அட்டவணை போடும் ரோஸ்டர் பிரிவில் சொல்லிடுங்க.