மெஹந்தியும் ஃபேஸ் பெயின்டிங்கும் தொழிலாகுமா?

கேள்வி: என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். நன்றாக வரைவாள். தெரிந்தவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் மருதாணி போட்டுக் கொஞ்சம் சம்பாதிக்கவும் செய்கிறாள். காலேஜ் வேண்டாம், மெஹந்தி ஆர்ட்டிஸ்ட் ஆகப் போகிறேன், பிறந்தநாள் விழாக்களில் ஃபேஸ் பெயின்டிங்கும் செய்வேன் என்கிறாள். சம்மதிக்கலாமா?

பதில்: சம்மதியுங்கள் அம்மா. ஆனால் காலேஜை விட வேண்டிய அவசியம் இல்லை. இந்த வேலை பெரும்பாலும் மாலையிலும் விடுமுறை நாட்களிலும்தான் வரும். பி.காம். படித்தால் கணக்கு வழக்கு கைவசமாகும். அழகுக்கலையையே முறையாகப் படிக்க விரும்பினால் ஐடிஐ-யில் காஸ்மெட்டாலஜி ஓராண்டுப் பிரிவு இருக்கிறது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும்.

வருமானம் பற்றிப் பேசுவதற்கு முன் அவள் கையிலிருக்கும் கோனைப் பாருங்கள். எங்கே வாங்கியது, உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் பயிற்சி அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். டிசைனை வீடியோ பார்த்தே கற்கலாம். ஒருவர் தோலில் எதை வைக்கிறோம் என்பதற்குப் பொறுப்பேற்கத் தெரிந்தவர்கள் குறைவு. நாளைக்கு அவளுக்குப் பெயர் வாங்கித் தரப் போவது அதுதான்.

கோனை அவளே தயாரிக்கட்டும். 100 கிராம் நைஸான மருதாணிப் பொடி, 30 கிராம் சர்க்கரை, 30 மில்லி லாவெண்டர் எண்ணெய், 250 முதல் 300 மில்லி எலுமிச்சைச் சாறு. ராஜஸ்தானின் சோஜத் பொடிதான் பெரும்பாலும் சந்தைக்கு வருகிறது. புது அறுவடைப் பொடியாகப் பார்த்து வாங்க வேண்டும், பழசானால் நிறம் ஏறாது. பொடியை நைலான் துணியில் சலித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கோன் நுனி அடைத்துக்கொள்ளும். நம் ஊர் வெயிலில் கலவை ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் தயாராகிவிடும். உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்து ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்தால் ஆரஞ்சு கறை தெரிய வேண்டும். இதில் 25 கிராம் கோன் 16, 17 வரும். வெளியே வைத்தால் இரண்டு மூன்று நாளில் சாயம் செத்துவிடும், ஃப்ரீசரில் மாதக்கணக்கில் இருக்கும். மழைக்காலச் சென்னையில் கோடு கசிந்து பரவுகிறது என்றால் சர்க்கரை ஈரத்தை இழுக்கிறது என்று அர்த்தம். 15, 20 கிராமாகக் குறைத்தால் சரியாகிவிடும்.

மருதாணியின் சாயமான லாசோன், தோலின் கெரட்டினோடு ஒட்டிச் சிவக்கிறது. உரித்தவுடன் ஆரஞ்சாகத்தான் இருக்கும், முழு நிறம் வர 48 மணி நேரம் வரை ஆகும். அதனால் கல்யாணப் பெண்ணுக்கு முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பே போட வேண்டும். குறைந்தது ஆறு மணி நேரம் வைத்திருந்து, தண்ணீர் படாமல் சுரண்டி எடுத்து, தேங்காய் எண்ணெய் தடவி, அடுத்த 12 மணி நேரம் கையைக் கழுவாமல் இருக்கச் சொல்ல வேண்டும்.

ரிசப்ஷனுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, “கறுப்பா வர்ற கோன் இல்லையா?” என்று கேட்பார்கள். மருதாணி ஒருபோதும் ஒரு மணி நேரத்தில் கறுக்காது. அப்படிக் கறுத்தால் அதில் பெரும்பாலும் தலைமுடிச் சாயத்தில் சேர்க்கும் பிபிடி, அதாவது பாரா பெனிலீன் டையமின் இருக்கும். தோலில் போட்டால் கொப்புளம் கிளம்பி, டிசைன் வடிவத்திலேயே தழும்பு நிற்கலாம். சிலருக்கு இரண்டு வாரம் கழித்தும் வெடிக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் ஆயுள் முழுக்கத் தொடரும், பிறகு ஹேர் டை போட்டாலும் முகம் வீங்கும். பத்து நிமிடத்தில் சிவக்கும் இன்ஸ்டன்ட் கோன்களிலும் வேறு செயற்கைச் சாயங்கள் இருக்கின்றன. ஃப்ரிட்ஜில் வைக்காமல் கடையில் மாதக்கணக்கில் தொங்கும் கோன் சுத்தமான மருதாணியாக இருக்க முடியாது. அன்றைய பணம் போனாலும் பரவாயில்லை, மறுக்கச் சொல்லுங்கள்.

கைக்குழந்தைக்கும் மறுக்கத்தான் வேண்டும். சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்குச் சுத்தமான மருதாணியே சிவப்பணுக்களைச் சிதைக்கும். அந்தக் குறைபாடு இருப்பதே பல பெற்றோருக்குத் தெரிந்திருக்காது. வளைகாப்புக்குப் போகும்போது கர்ப்பிணிக்காக லாவெண்டர் எண்ணெய் சேர்க்காத கலவை எடுத்துப் போகலாம். நிறம் கொஞ்சம் மட்டாக வரும், அவ்வளவுதான்.

ஃபேஸ் பெயின்டிங்கில் முதல் தவறு பெயின்டிலேயே நடக்கிறது. போஸ்டர் கலர், அக்ரிலிக் எதுவும் முகத்துக்கு ஆகாது. டப்பாவில் ‘நான்-டாக்ஸிக்’ என்று இருந்தால், தெரியாமல் வாயில் பட்டால் விஷமில்லை என்பதுதான் பொருள். தோலுக்கு ஏற்றது என்று அர்த்தமில்லை. தண்ணீரில் கரையும் காஸ்மெட்டிக் பெயின்டாக வாங்கி, லேபிளில் உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இறக்குமதிச் சரக்கென்றால் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் இருக்க வேண்டும். கைவினைக் கடை கிளிட்டரை முகத்தில் போடக் கூடாது, ஓரம் கண்ணைக் கீறிவிடும்.

ஒரு குழந்தைக்கு ஒரு ஸ்பாஞ்ச். பெரிய ஸ்பாஞ்சைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டால் செலவு இடிக்காது. கண் சிவந்த, உதட்டுப் புண் உள்ள, முகத்தில் சிரங்கு உள்ள குழந்தைக்கு வரையக் கூடாது. மூன்று வயதுக்குக் கீழ் என்றால் கையில் ஒரு பட்டாம்பூச்சி போதும். ஏற்கெனவே ஒவ்வாமை உண்டென்றால் முழங்கை மடிப்பில் ஒரு நாள் முன்பே சோதிக்க வேண்டும். ஈரமான பெயின்டை மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், விழா முடிந்ததும் காயவைத்துத்தான் மூட வேண்டும். ஒரு டிசைனுக்கு நாலைந்து நிமிடம் என்றால் மணிக்கு 12 குழந்தைகள். 40 பேரை ஒரு மணி நேரத்தில் முடிப்பதாக ஒப்புக்கொண்டால் ஸ்பாஞ்ச் ஒழுங்கெல்லாம் காற்றில் போய்விடும்.

இரண்டையும் சேர்த்துச் செய்ய நினைப்பது நல்ல யோசனை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது. மார்கழியில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு விழாக்கள் ஃபேஸ் பெயின்டிங்குக்குக் கைகொடுக்கும். கட்டணத்தைக் கைக்கு இவ்வளவு என்று பேசாமல் மணிக்கணக்கில் வைக்கட்டும். கல்யாணப் பெண்ணுக்குக் கை, கால் சேர்த்து நாலு முதல் எட்டு மணி நேரம் போகும். அத்தனை நேரம் தரையில் குனிந்து உட்கார்ந்தால் முதுகும் மணிக்கட்டும் சீக்கிரமே பழுதாகும், சின்ன மேசையும் தலையணையும் கூடவே போகட்டும். முதல் வருஷம் கடன் தேவையில்லை. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், அதைச் செய்து வையுங்கள். பிறகு தேவைப்பட்டால் மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் கேட்கலாம்.

இன்ஸ்டாகிராமில் ஈர மருதாணிப் படத்தை மட்டும் போடாமல், இரண்டு நாள் கழித்துச் சிவந்த கையின் படத்தையும் வாடிக்கையாளரிடம் கேட்டு வாங்கிப் போடட்டும். அவள் கோனின் தரத்தை அந்தப் படம்தான் காட்டும். குழந்தைகளின் முகப் படத்தைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் போட வேண்டாம்.