ஹம்மஸ் சாப்பிட்டா சுகர் மாத்திரைய நிறுத்தலாமா?

ரங்கூன்ல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. அம்மாவுக்கு வயசு 62, சுகரும் பிரஷரும் இருக்கு, துபாய்ல இருக்கிற அண்ணன் ஹம்மஸ் ரொம்ப நல்லதுன்னு சொல்றாராம், இங்க ஃபேஸ்புக் லைவ்ல ஒருத்தர் டப்பா டப்பாவா விக்கிறாராம், ரெண்டு வாரம் சாப்பிட்டா மாத்திரையே வேணாங்கிறாராம், வாங்கலாமான்னு.

அவர்கிட்ட வாங்காதீங்கம்மா. மாத்திரையையும் நிறுத்திடாதீங்க.

ஹம்மஸ்னா அரபியில கொண்டக்கடலை, அவ்ளோதான். லெபனான், சிரியா பக்கம் அத குழைய வேகவச்சு எள்ளு விழுது, எலுமிச்சை, பூண்டு, ஆலிவ் எண்ணெய் சேர்த்து அரைப்பாங்க. நல்ல சாப்பாடு. வேகவச்ச கொண்டக்கடலை 100 கிராம்ல புரதம் கிட்டத்தட்ட 9 கிராம், நார்ச்சத்து 7 கிராமுக்கு மேல, அதனால மெதுவா செரிக்கும், சுகர் குபீர்னு ஏறாது. ஆனா சோத்த குறைக்காம அதுக்கு மேல இதையும் சாப்பிட்டா என்ன பிரயோஜனம்? கடை ஹம்மஸ் 100 கிராம் 230 கலோரி கிட்ட வரும். டீக்கடை நான் ரொட்டி ரெண்ட இதுல தொட்டு சாப்பிட்டா சுகர் ஏறத்தான் செய்யும். வெள்ளரிக்காய தொட்டுக்க மூணு ஸ்பூன் போதும்.

இப்ப அந்த டப்பா விஷயம். ஹம்மஸ 5 டிகிரிக்குள்ள குளிர்ல வைக்கணும், இங்க கரண்ட் எப்ப வரும் எப்ப போகும்னு யாருக்கு தெரியும், ஃப்ரிட்ஜ் ஆஃப் ஆகி மறுபடி ஆன் ஆனத எவனும் நம்மகிட்ட சொல்ல மாட்டான், மேல பாத்தா ஃப்ரெஷ்ஷா இருக்கும், உள்ள கிருமி வளர்ந்திருக்கும். தேதி மேல ஸ்டிக்கர் ஒட்டி வித்த டப்பாவ நானே கையில எடுத்து பாத்திருக்கேன். கடைக்காரர கேட்டா இறக்குமதி பண்ணவங்கள கேளுங்கிறாரு, இத தட்டிக்கேக்க வேண்டியவங்க எங்க இருக்காங்கன்னே தெரியல, வயித்தெரிச்சலா இருக்கு. உப்பும் அதிகம், 100 கிராம்ல சோடியம் 400 மில்லிகிராம் பக்கம். ஒரு நாள் முழுசுக்கே 2000 தாண்டக்கூடாது, அம்மாவுக்கு பிரஷர் வேற.

ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கோங்க. அம்மாவுக்கு கிரியேட்டினின் டெஸ்ட், அதாவது கிட்னி ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்குற ரத்த டெஸ்ட், எடுத்திருக்கா? சுகரும் பிரஷரும் ரொம்ப நாளா இருந்தா கிட்னி சத்தமில்லாம கெட்டுப்போகலாம். கிட்னி கெட்டிருந்தா கொண்டக்கடலையில இருக்கிற பொட்டாசியம் வெளிய போகாம ரத்தத்துல தங்கும், லோசார்டன் மாதிரி பிரஷர் மாத்திரையும் பொட்டாசியத்த ஏத்தும், ரெண்டும் சேர்ந்தா இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். அதனால டெஸ்ட் எடுங்க, ரிசல்ட்ட டாக்டர்கிட்ட காட்டி எவ்ளோ சாப்பிடலாம்னு கேளுங்க, அப்புறம்தான் ஹம்மஸ். டெஸ்ட் நல்லா இருந்தா பயமே இல்ல.

வீட்லயே அரைக்கலாம். மக்வே எள்ளு, சகாயிங் கொண்டக்கடலைன்னு எல்லாம் இந்த மண்ணுலயே விளையுது. ராத்திரி ஊறவச்சு, அந்த தண்ணிய கொட்டிட்டு, நசுக்கினா மாவா போற அளவுக்கு வேகவைங்க. எள்ள லேசா வறுத்து தனியா விழுதா அரைச்சு சேருங்க, ஆலிவ் எண்ணெய் விலை கட்டலன்னா நல்லெண்ணெய் ஒரு ஸ்பூன். உப்பு கம்மியா, எலுமிச்சை தாராளமா. கரண்ட் ஒழுங்கா இருந்தா ஃப்ரிட்ஜ்ல மூணு நாள் வைக்கலாம், இல்லன்னா அன்னன்னைக்கு தேவையானத மட்டும் அரைங்க.