கரண்டியில் நிற்கும் கஞ்சி: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் மகனுக்கு ஏழு மாதம் முடிந்து எட்டு நடக்கிறது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுத்தேன். இப்போது தாய்ப்பாலோடு நாள்தோறும் இருவேளை கஞ்சியும் கொடுக்கிறேன். வயிறு நிறையத்தான் குடிக்கிறான். ஆனாலும் ஒரு மாதமாக எடை ஏறவில்லை. விலை உயர்ந்த சத்துமாவு வாங்க எங்களுக்கு வசதி இல்லை. என் பாலில் சத்து குறைந்துவிட்டதா? (ஒரு வாசகி)

பதில்: இல்லை. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தீர்கள் என்பது பெரிய காரியம். அதற்காக உங்களை மனமாரப் பாராட்டுகிறேன். எடை ஏறாத குழந்தையை ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அதோடு, நீங்கள் காய்ச்சும் கஞ்சியையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

ஒரு கரண்டியில் கஞ்சியை எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். சாய்த்த கணமே அது தண்ணீரைப்போல ஓடிவிட்டால் குழந்தையின் வயிற்றை நிரப்புவது பெரும்பாலும் நீர்தான். கெட்டியாகக் கரண்டியிலேயே நின்று, மெல்ல வழுகி விழுந்தால் அதுவே இந்த வயதுக்கு ஏற்ற பதம். இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைக் கணக்குப் போட்டால்தான் தெரியும். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மேல் நாளொன்றுக்குச் சுமார் 200 கிலோ கலோரி உணவிலிருந்து கிடைக்க வேண்டும். நீர்த்த கஞ்சியில் கிராமுக்கு 0.3 கிலோ கலோரி இருப்பதாக வைத்துக்கொண்டால், வேளைக்கு அரைக் கோப்பை, அதாவது 125 மில்லி வீதம் இருவேளை குடித்தாலும் 75 மட்டுமே கிடைக்கும். அதே அரைக் கோப்பையில் கிராமுக்கு 0.8 உள்ள கெட்டிக் கூழைக் கொடுத்தால் இருவேளையில் 200 நிறைந்துவிடும். நீர்த்த கஞ்சியிலேயே அந்த அளவை எட்ட வேண்டுமானால் 650 மில்லிக்கும் மேல் குடிக்க வேண்டும்; அவ்வளவையும் அந்தச் சின்ன வயிறு கொள்ளாது, கொண்டாலும் தாய்ப்பாலுக்கு அதில் இடம் இருக்காது.

கெட்டியாகக் கொடுத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்ற அச்சத்தில்தான் பல தாய்மார்கள் நீர் விடுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் கட்டியில்லாமல் நன்றாக மசித்தால் போதும், நீர் விட்டுக் கரைக்க வேண்டியதில்லை. செலவில்லாத இன்னொரு வழியும் உண்டு. தானியத்தை முளைகட்டி, உலர்த்தி, அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். கெட்டியாகக் காய்ச்சிய கூழ் மிதமான சூட்டுக்கு வந்ததும் அந்த மாவில் ஒரு சிட்டிகை கலந்து சில நிமிடம் விட்டால், முளையில் உருவாகியிருக்கும் நொதி மாவுச்சத்தை உடைத்து, தண்ணீர் சேர்க்காமலே கூழை இளக்கிவிடும். பிறகு மறுபடியும் ஒரு கொதி விட்டு ஆற வைத்துக் கொடுக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெய் சேர்த்தால் மேலும் 40 கிலோ கலோரி கூடும்.

தானியம் மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பிறக்கும்போது உடலில் சேமித்துக் கொண்டுவந்த இரும்புச்சத்து ஆறு மாத அளவில் தீரத் தொடங்கும். தாய்ப்பாலில் அது மிகக் குறைவு. ஆகவே வேகவைத்து மசித்த பருப்பு, கீரை, முட்டை, மீன், இறைச்சி என வீட்டில் எது கிடைக்கிறதோ அதைப் பெரியவர்களின் தட்டுக்கு முன்பாகக் குழந்தையின் கிண்ணத்தில் வையுங்கள். குழந்தைக்கெனத் தனிக் கிண்ணம் இருந்தால், எவ்வளவு உள்ளே போயிற்று என்பது உங்கள் கண்ணுக்கே தெரியும்.

கேள்வி: கடும் வெயில் காலத்தில் நான்கு மாதக் குழந்தைக்குச் சிறிது தண்ணீர் கொடுக்கலாமா? (ஒரு தந்தை)

பதில்: வேண்டாம். தாய்ப்பாலில் ஏறத்தாழ 88 சதவீதம் நீர்தான். கூடுதல் தாகத்துக்குக் கூடுதல் முறை பால் கொடுத்தால் போதும். அந்தத் தண்ணீரைத் தாய்க்குக் கொடுங்கள்.

கேள்வி: பேரனுக்கு ஒரு வயது. வயிற்றுப்போக்கு வந்தால் பாலையும் உணவையும் நிறுத்தி வயிற்றுக்கு ஓய்வு தர வேண்டும் என்கிறேன், மருமகள் கேட்பதில்லை. நான் ஐந்து பிள்ளைகளை இப்படித்தான் வளர்த்தேன். யார் சொல்வது சரி? (ஒரு பாட்டி)

பதில்: அம்மா, இந்த ஒன்றில் உங்கள் மருமகள் சொல்வதே சரி. வயிற்றுப்போக்கில் உடல் நீரையும் உப்பையும் இழக்கிறது. அந்த நேரத்தில் பாலையும் நிறுத்தினால் இழந்ததை ஈடுசெய்ய வழியே இல்லாமல் போகும். தாய்ப்பாலை வழக்கத்தைவிட அடிக்கடி கொடுக்கச் சொல்லுங்கள். உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை அதில் குறிப்பிட்டுள்ள அளவு நீரில் கலந்து, சிறிது சிறிதாகக் கரண்டியால் புகட்டுங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் துத்தநாகம் (ஜிங்க்) 10 முதல் 14 நாள் வரை கொடுப்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கண் குழிந்தாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ, குடிக்க முடியாமல் போனாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குணமான பிறகு இரண்டு வாரம் வரை நாளொன்றுக்கு ஒருவேளை கூடுதலாக ஊட்ட வேண்டும். நோயில் சோர்ந்த குழந்தை இரண்டு வாய்க்குமேல் வாங்காது. மடியில் வைத்துக்கொண்டு, பேசிப் பேசி மூன்றாவது வாயை ஊட்டும் பொறுமை ஐந்து பிள்ளைகளை வளர்த்த உங்களிடம்தான் இருக்கும். அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏழைக் கிராமங்களில் பணிபுரிகிறேன். கூட்டத்தில் கேட்டால் தாய்மார்கள் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்கிறார்கள். வீட்டில் பார்த்தால் வேறு விதமாக ஊட்டுகிறார்கள். எங்கே தவறுகிறேன்? (ஒரு சுகாதாரப் பணியாளர்)

பதில்: நீங்கள் தவறவில்லை, நீங்கள் பேசும் இடத்தில் பாதிப் பேர் இல்லை. வயல் வேலைக்குப் போகும் தாயின் குழந்தைக்குப் பகலில் ஊட்டுவது பாட்டியாகவோ ஒன்பது வயது அக்காவாகவோ இருக்கலாம். வீட்டுக்கு என்ன வாங்குவது என்று முடிவு செய்பவர் தந்தையாக இருக்கலாம். இவர்கள் ஒருவரும் உங்கள் கூட்டத்துக்கு வருவதில்லை. மேலும், ஒன்பது மாதத்திலிருந்து நாளுக்கு மூன்று நான்கு முறை ஊட்ட வேண்டும் என்று ஒரு தாய் அறிந்திருந்தாலும், விறகும் தண்ணீரும் சுமந்து வருபவளுக்கு நான்கு முறை அடுப்பு மூட்ட நேரம் ஏது? காலையில் சமைத்ததை மாலை வரை வைத்து ஊட்டினாலோ, சாதாரண வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்த உணவில் கிருமி பெருகும். இதை அறியாமை என்று எழுதிவைப்பது அந்தத் தாய்க்கு நாம் செய்யும் அநீதி.

அதனால் ‘எத்தனை முறை ஊட்ட வேண்டும்?’ என்று கேட்காதீர்கள். ‘நேற்று விடிந்ததிலிருந்து இரவு வரை குழந்தை என்ன சாப்பிட்டது, யார் ஊட்டினார்கள்?’ என்று கேளுங்கள். ஊட்டியவரையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். கிண்ணத்தைக் காட்டச் சொல்லுங்கள். பத்து அறிவுரை வேண்டாம். அந்த வீட்டில் நாளைக்கே செய்யக்கூடிய ஒன்றை, கஞ்சியைக் கெட்டியாக்குவதையோ பெரியவர்களுக்குச் சமைத்த பருப்பில் காரம் சேர்க்கும் முன் ஒரு பங்கை எடுத்து மசிப்பதையோ, அங்கேயே செய்து காட்டுங்கள். அடுத்த முறை போகும்போது அது நடந்ததா என்று மட்டும் பாருங்கள். நடக்கவில்லையென்றால் தாயைக் கடிந்துகொள்ளாமல், எது தடுத்தது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள்.