சந்தேகப்படுங்கள், ஆனால் எண்ணைச் சொல்லுங்கள்

கேள்வி: "எதையும் சந்தேகப்படு என்று ஃபைன்மன் போன்ற இயற்பியலாளர்களே சொல்கிறார்கள். ஆனால் விஞ்ஞானிகள் தரும் முடிவை 'எனக்குச் சந்தேகமாக இருக்கிறது' என்று நான் ஒதுக்கினால் அறியாமை என்கிறீர்கள். இது என்ன நியாயம்?"

பதில்: ஃபைன்மன் சொன்ன சந்தேகமும் உங்களுடையதும் ஒன்றல்ல. 'சந்தேகமாக இருக்கிறது' என்றதும் உங்கள் வேலை முடிந்துவிடுகிறது. இயற்பியலாளருக்கு வேலை அங்கேதான் தொடங்குகிறது. எந்த இடத்தில் சந்தேகம், எத்தனை சதவீதம், எதை அளந்தால் தீரும் என்று அவர் சொல்லியாக வேண்டும்.

1974-ல் அமெரிக்காவின் கால்டெக் கல்வி நிறுவனப் பட்டமளிப்பு விழாவில் ஃபைன்மன் எடுத்துக்காட்டியது, எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை அளக்க இயற்பியலாளர் மில்லிகன் செய்த எண்ணெய்த்துளிப் பரிசோதனை. கிடைமட்டமாக இரண்டு உலோகத் தட்டுகள். மேல்தட்டின் சிறு துளை வழியாக எண்ணெய்த் தூறல் உள்ளே இறங்கும். மின்னழுத்தம் இல்லாதபோது துளி விழும் நேரத்தைக் குறித்தால் அதன் அளவு தெரியும். மின்னழுத்தம் கொடுத்து அது மேலே ஏறும் நேரத்தைக் குறித்தால் அதன் மின்னூட்டம் தெரியும். எண்ணெய் ஏன்? தண்ணீர்த்துளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆவியாகி எடை குறைந்துவிடும்.

1913-ல் மில்லிகன் வெளியிட்ட எலெக்ட்ரான் மின்னூட்டம், இன்றைய அலகில் சொன்னால், 1.592 × 10⁻¹⁹ கூலும். பிழை 0.2 சதவீதத்துக்குள் என்றார். இன்றைய மதிப்பு 1.602. உண்மையில் அவர் சுமார் 0.6 சதவீதம் குறைவாகச் சொல்லியிருந்தார். அவரே போட்ட எல்லையைப் போல மூன்று மடங்கு.

கோளாறு கடிகாரத்தில் இல்லை, காற்றில் இருந்தது. துளி விழும் வேகம் காற்றின் பாகுநிலையை, அதாவது துளியின் நகர்வைக் காற்று எவ்வளவு தடுக்கிறது என்பதை, பொறுத்தது. அதற்கு மில்லிகன் எடுத்த மதிப்பு அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே குறைவு. கணக்கில் பாகுநிலை ஒன்றரை அடுக்காக வருவதால், அந்தச் சிறு பிழை ஒன்றரை மடங்காகி விடையில் ஏறிக்கொண்டது. 1920-களின் கடைசியில் எக்ஸ் கதிரின் அலைநீளத்தையும் படிகத்தின் அடுக்கு இடைவெளியையும் அளந்து, முற்றிலும் வேறு வழியில், மின்னூட்டத்தைக் கணக்கிட்டார்கள். இரண்டு வழியும் ஒத்துவரவில்லை. 1930-களில் காற்றின் பாகுநிலையை மறுபடி அளந்தார்கள், இடைவெளி மூடியது. 'மில்லிகனை நம்பமாட்டேன்' என்று சொல்லி யாரும் அங்கே போய்ச் சேரவில்லை.

ஃபைன்மனை உறுத்தியது இன்னொன்று. மில்லிகனுக்குப் பிறகு அளந்தவர்களின் மதிப்புகள் ஒரே தாவலில் சரியான இடத்துக்குப் போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக ஏறின என்றார். மில்லிகனைவிட அதிகமாக வந்தால் தப்பைத் தேடினார்கள். பக்கத்தில் வந்தால் தேடவில்லை. மில்லிகனும் இதற்கு விலக்கல்ல. 1913 கட்டுரையில் வந்தவை 58 துளிகள். 60 நாட்களில் பார்த்த எல்லாத் துளிகளும் இவையே என்று எழுதினார். அவருடைய குறிப்பேட்டிலோ அதைவிட நிறைய துளிகள் இருக்கின்றன. விட்டவற்றைச் சேர்த்தாலும் விடை பெரிதாக மாறாது. ஆனால் எழுதியது உண்மையில்லை, அதை மழுப்பக் கூடாது.

இதே வலையில் கல்லூரி ஆய்வக மாணவர்கள் இன்றும் விழுகிறார்கள். பளிச்சென்று தெரியும் பெரிய துளியைப் பிடிக்கிறார்கள். அதன் மின்னூட்டம் 24.7 × 10⁻¹⁹ கூலும் என்று வருகிறது. எந்தத் துளியின் மின்னூட்டமும் எலெக்ட்ரான் மின்னூட்டத்தின் முழு மடங்காகத்தான் இருக்க வேண்டும். புத்தகத்திலுள்ள 1.6-ஆல் வகுத்தால் 15.4, அதை 15 என்று முழுதாக்கி, 24.7-ஐ 15-ஆல் வகுக்கிறார்கள். 1.65! பரிசோதனை வெற்றி என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடலாம். ஆனால் அங்கே எதுவும் நிரூபணமாகவில்லை. நான்கு சதவீத அளவுப் பிழை இருந்தால் அந்த 15.4 உண்மையில் 15-ஆகவும் இருக்கலாம், 16-ஆகவும் இருக்கலாம். 24.7 இருந்த இடத்தில் அதுபோன்ற எந்தக் குப்பை எண்ணை வைத்தாலும் 1.6-க்குப் பக்கத்தில்தான் வரும்.

சரியாகச் செய்ய வேண்டுமானால் முதலில் ரசமட்டம் வைத்துத் தட்டைச் சமப்படுத்த வேண்டும். சாய்ந்திருந்தால் துளி பக்கவாட்டில் நகர்ந்து நுண்ணோக்கியின் குவியத்தை விட்டுப் போய்விடும். மெதுவாக விழும், மின்னூட்டம் ஐந்து எலெக்ட்ரான் அளவுக்குள் இருக்கும் துளியைத் தேட வேண்டும். மிகவும் சிறியதையும் எடுக்கக் கூடாது. காற்று மூலக்கூறுகள் மோதி அது தள்ளாடும், நேரம் தப்பும். ஒரே துளியைப் பத்து முறை ஏற்றி இறக்க வேண்டும். அதன் மின்னூட்டம் மாறும்போது எவ்வளவு மாறியது என்று குறித்து, அந்த வித்தியாசங்களிலிருந்து மிகச் சிறிய அலகைக் கண்டுபிடிக்க வேண்டும். அதுவரை புத்தகத்தின் 1.6 கண்ணில் படவே கூடாது. விட்ட துளிகளையும், ஏன் விட்டோம் என்பதையும் நோட்டில் எழுத வேண்டும்.

சந்தேகம் என்றால் இவ்வளவு பாடு இருக்கிறது. அதுவும் பெரும்பகுதி அடுத்தவர் மேல் அல்ல, தன் கையில் இருக்கும் விடையின் மேல்.

எந்த முடிவை ஒதுக்கினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. தடுப்பூசியா, நிலத்தடி நீர் அறிக்கையா, எதுவானாலும் அதில் எந்த எண்ணை நம்பவில்லை, அது எவ்வளவு தப்பு என்று நினைக்கிறீர்கள், எதை அளந்து காட்டினால் ஒப்புக்கொள்வீர்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். இந்தப் பக்கத்திலேயே எடுத்துக்கொண்டு பேசுவோம்.