பொருளாதாரத் தடை எப்போது பலிக்கிறது? கிர்கிஸ்தான் ஆர்டரை என்ன செய்வது?

கேள்வி: சிங்கப்பூரின் ஜாலான் புசார் வட்டாரத்தில் மின்னணு உதிரிபாகங்கள் விற்கிறோம். கிர்கிஸ்தானிலிருந்து ஒரு புதிய நிறுவனம் சில்லுகளுக்குப் பெரிய ஆர்டர் கொடுத்திருக்கிறது. முழுப் பணத்தையும் முன்கூட்டியே தரத் தயார் என்கிறது. இத்தனை தடை போட்டும் ரஷ்யா போரை நிறுத்தவில்லையே, தடைகளால் ஏதாவது பயன் உண்டா? இந்தச் சரக்கை அனுப்பலாமா?

பதில்: இப்போதைக்கு அனுப்பாதீர்கள். ஏன் என்பதற்கு உங்கள் முதல் கேள்வியிலிருந்தே வரவேண்டும்.

தடை என்பது ஒரு பேரம். எதிர்த்தரப்பு விட்டுக்கொடுத்த பிறகும் ஆட்சியில் நீடிக்க முடியும் என்றால்தான் அது படியும். 1976இல் தென்கொரியா, பிரான்சிடமிருந்து அணு எரிபொருள் மறுசுத்திகரிப்பு ஆலை (அணுகுண்டுக்கான புளூட்டோனியத்தைப் பிரிக்கக்கூடியது) வாங்கும் திட்டத்தைக் கைவிட்டது. பாதுகாப்புக்கு அமெரிக்காவையே நம்பியிருந்த நாடு என்பதால் அமெரிக்காவின் நெருக்குதலே போதுமானதாக இருந்தது. இப்படி மிரட்டலிலேயே முடிந்துவிடும் வெற்றிகள் பெரிதாகப் பேசப்படுவதில்லை. கியூபாமீதான தடையோ 1962 முதல் நீடிக்கிறது. அங்கே கேட்கப்படுவது ஆட்சியமைப்பையே மாற்றும்படி. தன் நாற்காலியைத் தானே விட்டுத்தர எந்த அரசும் முன்வராது.

இரண்டு பக்கத்தையும் ஒரே நாட்டில் பார்க்க ஈரானை எடுத்துக்கொள்ளலாம். அணுத் திட்டத்தைக் கட்டுப்படுத்தக் கோரி, 2012இல் ஐரோப்பா அதன் எண்ணெய்யை வாங்குவதை நிறுத்தியது. ஈரானிய வங்கிகள், நாடுகளுக்கிடையே பணம் அனுப்பும் தகவல்களைப் பரிமாறும் ஸ்விஃப்ட் கட்டமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டன. எண்ணெய் ஏற்றுமதி ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது. 2015இல் உடன்பாடு வந்தது: யுரேனியச் செறிவூட்டல் 3.67 விழுக்காட்டுக்கு மேல் கூடாது, கையிருப்பு 300 கிலோவைத் தாண்டக் கூடாது. வாங்கும் நாடுகள் ஒன்றாக நின்றன, கேட்டது அளவோடு இருந்தது, செய்தால் தடை விலகும் என்ற உறுதியும் இருந்தது. 2018 மே மாதம் அமெரிக்கா அந்த உடன்பாட்டிலிருந்து விலகியது. அதுவரை ஈரான் நிபந்தனைகளைக் கடைப்பிடித்து வந்ததாக அனைத்துலக அணுசக்தி அமைப்பு சொல்லிக்கொண்டிருந்தது. அடுத்து வந்த தடைகள் முன்னைவிடக் கடுமை. ஆனால் 2021இல் செறிவூட்டல் 60 விழுக்காட்டை எட்டியது (அளவு கூடக்கூட அணுகுண்டுக்கு நெருங்கும்). வலி கூடியும் பலன் குறைந்தது, ஏனென்றால் இணங்கினால் தடை நீங்கும் என்ற நம்பிக்கை போய்விட்டது. தடைகளைப் பற்றிய விவாதங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவது இதுதான் என்பது எங்கள் கருத்து.

ரஷ்யா விவகாரம் வேறு. போரை மாஸ்கோ தன் உயிர்ப்பிரச்சினையாகக் கருதுவதால், தடைகளை மட்டும் வைத்து அதன் மனத்தை மாற்றுவது கடினம். ஆயுதம் செய்யும் செலவையும் நேரத்தையும் கூட்டுவது நடக்கக்கூடியது. ஏவுகணைக்கும் ட்ரோனுக்கும் வேண்டிய சில்லு நேர்வழியில் கிடைக்காவிட்டால், இடைத்தரகர் வழியாக அதிக விலைக்கு வாங்கவேண்டியிருக்கும். அந்த இடைவழி எவ்வளவு அகலமோ, தடை அவ்வளவு பலவீனம். உங்கள் கடை அந்த வழியில் இருக்கிறது.

கிர்கிஸ்தான், கஸக்ஸ்தான், ரஷ்யா, பெலாரஸ், ஆர்மீனியா ஐந்தும் யூரேசியப் பொருளியல் ஒன்றியத்தில் உள்ளன. கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் சுங்கச் சோதனை முடிந்த பெட்டி, கஸக்ஸ்தான் வழியாக லாரியில் மாஸ்கோ போய்ச்சேர மறுபடி சுங்கச் சோதனை கிடையாது.

சிங்கப்பூர் பொதுவாக ஐநா பாதுகாப்பு மன்றத் தடைகளை மட்டுமே நடைமுறைப்படுத்தும். ஆனால் 2022 மார்ச் 5ஆம் தேதி ரஷ்யாமீது தானாகவே நடவடிக்கை அறிவித்தது: ராணுவப் பொருள்கள், குறிப்பிட்ட மின்னணு, கணினி, தொலைத்தொடர்புப் பொருள்களின் ஏற்றுமதிக்குத் தடை, நான்கு ரஷ்ய வங்கிகளுக்குக் கட்டுப்பாடு. இதோடு முடியவில்லை. அமெரிக்கத் தயாரிப்புச் சில்லு இங்கே உங்கள் அலமாரியில் இருந்தாலும் அமெரிக்க ஏற்றுமதி விதி அதைத் தொடரும். அவர்களுடைய தடைப்பட்டியலில் உங்கள் நிறுவனத்தின் பெயர் ஏறினால், இங்குள்ள வங்கி உங்கள் கணக்கை மூடக்கூடும்.

முதலில் சரக்கின் எச்எஸ் குறியீட்டில் (பொருள்களை வகைப்படுத்தும் அனைத்துலகச் சுங்க எண்) முதல் ஆறு இலக்கங்களைப் பாருங்கள். 8542.31, 8542.32, 8542.33, 8542.39 என்றால் மேற்கத்திய நாடுகளும் ஜப்பானும் வைத்திருக்கும், ரஷ்ய ஆயுதங்களுக்கு மிகவும் தேவைப்படும் பொருள்களின் உயர் முன்னுரிமைப் பட்டியலின் முதல் அடுக்கில் வருகிறது. உற்பத்தியாளரிடம் அந்தச் சில்லின் அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு எண்ணைக் கேளுங்கள். அந்தச் சில்லு நம் சுங்கத்துறையின் உத்திபூர்வப் பொருள் பட்டியலில் (ஆயுதத்துக்கும் பயன்படக்கூடிய பொருள்களின் பட்டியல்) இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அனுமதி இல்லாமல் நகர்த்த முடியாது.

அடுத்தது வாங்குபவர். 2022 பிப்ரவரிக்குப் பிறகு பதிவான நிறுவனமா? பணம் மூன்றாம் நாட்டுக் கணக்கிலிருந்து வருகிறதா? சரக்கைப் பெறுபவர் வெறும் சரக்கு அனுப்பும் முகவரா? சில்லு எந்த இயந்திரத்தில் பொருத்தப்படும் என்று கேட்டால் பதில் மழுப்பலாக இருக்கிறதா? இரண்டுக்கு 'ஆம்' வந்தாலே விலகிவிடுவது நல்லது. இல்லையென்றால், இறுதிப் பயனாளர் பெயர், தொழிற்சாலை முகவரி, பயன்பாடு, மறுஏற்றுமதி செய்யமாட்டோம் என்ற உறுதிமொழி ஆகியவற்றைக் கையொப்பத்துடன் வாங்குங்கள். அதை அப்படியே நம்பிவிடாமல், அந்தத் தொழிற்சாலை உண்மையில் இருக்கிறதா, மாதத்துக்கு அத்தனை சில்லு அதற்குத் தேவைப்படுமா என்று நீங்களே விசாரியுங்கள். பொய்ப் பத்திரம் தருவது எளிது. உற்பத்தி அளவோடு பொருந்தும் ஆர்டரைப் பொய்யாகக் காட்டுவது கடினம்.

இவை முடியும்வரை முன்பணத்தை ஏற்காதீர்கள். பிறகு திருப்பி அனுப்ப நேர்ந்தால், எங்கிருந்து வந்த பணம், ஏன் திரும்பிப் போகிறது என்று வங்கி உங்களைத்தான் கேட்கும்.